மாமா பெயரில் ஒரு காய்ச்சல்

மேல்பட்டாம்பாக்கம்
19.2.2006

அன்புத் தங்கை அறிவுமதிக்கு,

அக்கா விருத்தாம்பாள் எழுதுவது. எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுத ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாமல் மேலே படி.

மாட்டுப் பொங்கல் அன்று என் வீட்டுக்காரருக்கு, உன் மாமாவுக்கு, காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலமானால் குளிர் தூக்கிப் போடும். விடிந்தால் வேர்த்து இறங்கிவிடும். நெல்லிக்குப்பத்தில் ஒரு டாக்டர் டைபாய்டு என்றார், இன்னொருவர் மலேரியா என்றார். இரண்டுக்கும் மாத்திரை தின்றதுதான் மிச்சம். கடைசியில் சர்க்கரை மில்லில் கொடுத்திருக்கிற மருத்துவ அட்டையைக் காட்டிக் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் ஏழு பாயிண்டுதான் இருக்கிறது என்று ஒரு பாட்டில் ஏற்றினார்கள். ரத்தத்தை எடுத்து அதில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள், நீ லேபில் தினமும் பண்ணுகிற வேலைதான். நாலாம் நாள் பூச்சி தெரிந்துவிட்டது என்று மருந்தை மாற்றினார்கள். பதினெட்டு நாள் படுக்கை. இதயத்தையும் படம் எடுத்துப் பார்த்து, பழுதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது காய்ச்சல் இல்லை, சாப்பாடு இறங்குகிறது.

காகிதத்தில் பூச்சியின் பெயர் போட்டிருக்கிறது. ரேகா பார்த்துத் தமிழில் எழுதித் தந்தாள்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ். அதற்குக் கீழே டாக்டர் ஏதோ கிறுக்கியிருக்கிறார். கொலோனோ என்று ஆரம்பிக்கிறது, மீதியை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற என் மகளாலேயே படிக்க முடியவில்லை. இது திரும்பி வருகிற பூச்சியா? உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

ஃபோன் பண்ணியிருக்கலாம்தான். எதிர்வீட்டு லோகநாயகி வீட்டில் போய்ப் பேசினால் தெருவே காதைக் கொடுத்து நிற்கும். வேறு யாரைப் பற்றியும் இதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்று நீ சொன்னது நினைவில் இருக்கிறது.

உன் அக்கா,
விருத்தாம்பாள்


சிதம்பரம்
23.2.2006

அக்காவுக்கு,

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார் மாமா. ஒன்றரை மணி நேரத்தில் பஸ் பிடித்து வரக்கூடிய ஊரில் ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்கு வேலையே இந்தப் பூச்சிகளோடுதான். ஆனாலும் சொல்லத் தோன்றவில்லை உனக்கு. சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது நான் எழுதுவதை இரண்டு முறை படி.

அந்தப் பூச்சி ஊரில் பலருடைய குடலில் சும்மா குடியிருப்பது. அங்கே இருக்கிறவரை தொந்தரவு இல்லை. அது ரத்தத்துக்குள் வந்துவிட்டால்தான் கேள்வி. குடலின் சுவர் எங்கேயாவது கெட்டிருந்தால், புண்ணோ கட்டியோ இருந்தால், அந்த வழியாக அது உள்ளே நுழைந்துவிடும். அதனால் எங்கள் லேபில் ரத்தத் தட்டில் இந்தப் பூச்சி முளைத்தால் பெரிய டாக்டர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதும் வார்டுக்கு அவரே ஃபோன் பண்ணுவார், பெருங்குடலைப் பாருங்கள் என்று. பெருங்குடல் புற்று இருக்கலாம் என்பதற்காக, அக்கா. சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன். இந்தப் பூச்சி வந்த எல்லோருக்கும் அது இருக்காது. ஆனால் பார்க்காமல் விடுகிற அளவுக்கு அபூர்வமும் இல்லை. டாக்டர் கிறுக்கியிருப்பது கொலோனோஸ்கோபி, குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிற டெஸ்ட். ரத்தம் ஏழுக்கு இறங்கியிருந்தது என்கிறாய். ஆம்பளைக்கு ஏழு என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். காய்ச்சல் விட்டுவிட்டதை வைத்துத் தைரியமாக இருக்காதே. ஊசி பூச்சியைத்தான் கொன்றிருக்கிறது, அது வந்த வழி அப்படியே இருக்கும்.

மாமாவை இங்கே அழைத்து வா. எனக்கு இரண்டு நாளாக வேலை ஓடவில்லை.

நீ யாரைப் பற்றி எழுதவில்லை என்று எழுதியிருக்கிறாயோ, அந்த ஆளைப் பற்றி எழுதாமலே இரு. கட்டிய புருஷன் என் லேபுக்குள் வந்து, நைட் டியூட்டிக்கு யாரோடு போகிறாய் என்று கத்தி, மேஜையில் இருந்த கல்ச்சர் தட்டுகளைக் கையால் வாரித் தள்ளினதை மூன்று வருஷமானாலும் என்னால் மறக்க முடியவில்லை. பதினொரு பேருடைய ரத்தம் தரையில். பத்துப் பேரை மறுபடி குத்தி எடுத்தோம். ஒருத்தருக்கு எடுக்க அவகாசம் இல்லை, போய்விட்டார். அந்த ஆளை உன் வீட்டு வாசப்படி ஏற்றினால் நான் உனக்குத் தங்கை இல்லை என்று அன்றைக்குச் சொன்னது இன்றைக்கும் அப்படியேதான்.

அறிவு


மேல்பட்டாம்பாக்கம்
1.3.2006

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை இல்லை, ஏழெட்டு முறை படித்தேன். மாமாவும் படித்தார். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனவர் வெகு நேரம் வரவில்லை.

மாமாவுக்கு ஒன்றும் இருக்காது, அறிவு. எடை மேடையில் இரண்டு ஷிப்டு நிற்கிறார். கரும்பு சீசன், வண்டிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன. இந்த நேரத்தில் லீவு கேட்க முடியாது. சீசன் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நாற்பது வயது ஆட்களுக்குக்கூட அந்த மாதிரி வருமா? வெளிக்குப் போகும்போது ரத்தம் போனால் மூலம் என்று நாட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறார்களே, அது தப்பா? அந்தக் குழாய் டெஸ்ட்டைப் பாண்டிச்சேரியில், உனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இடத்தில் எடுக்க முடியுமா? மாமாவுக்கு வெட்கம், கொழுந்தியாள் வேலை செய்கிற இடமாயிற்றே என்று.

இங்கே யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. நீ பயப்படாதே.

உன் அக்கா,
விருத்தாம்பாள்


சிதம்பரம்
4.3.2006

அக்காவுக்கு,

மாமாவின் வெட்கத்தை மூட்டை கட்டி வை. பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமைக்குத் தேதி வாங்கிவிட்டேன். முதல் நாளே வந்துவிட வேண்டும், குடல் சுத்தமாக மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். கடலூர் காகிதங்கள் எல்லாவற்றையும் கொண்டு வா. வராவிட்டால் நானே மில் வாசலுக்கு வந்து மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன், எடை மேடையில் நிற்கிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும்.

மூலம் என்று நினைத்துக்கொண்டு நாட்டு மருந்து சாப்பிட வேண்டாம் என்று மாமாவிடம் சொல். நாற்பதிலும் வரும், முப்பதிலும் வரும். மாமாவுக்கு ரத்தம் போகிறதா? அதை ஏன் நேராக எழுதவில்லை?

அறிவு


சிதம்பரம்
16.3.2006

அக்காவுக்கு,

மாமாவின் குடல் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருக்கிறது. டாக்டர் இப்படி ஒரு குடலை இந்த வருஷம் பார்க்கவில்லை என்றார். பாவம், மாமா. மருந்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் பதினாலு தடவை போனதை எண்ணி எண்ணிச் சொன்னார். நான் சிரித்தேன், உனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நீ மட்டும் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

நல்ல சேதி, இத்தோடு கடிதத்தை முடித்துவிடலாம். முடிக்க முடியவில்லை.

டெஸ்ட்டுக்கு முன்னால் மாமாவுக்கு ரத்தம் எடுத்தோம். பதினாலரை பாயிண்டு இருக்கிறது. ஆறேழு வாரத்துக்கு முன் ஏழில் இருந்த மனிதருக்கு ஒரு பாட்டிலில் இவ்வளவு ஏறாது. சரி, நன்றாகச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டேன். பிறகு, நீ கொண்டு வந்த கடலூர் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் ஏற்றியதால் வகையைக் குறித்திருக்கிறார்கள். பி பாசிட்டிவ். இங்கே லேபில் என்னோடு வேலை செய்கிற மோனிகா போட்டது ஓ பாசிட்டிவ். அவள் தப்புப் பண்ணியிருப்பாள் என்று நானே மறுபடி போட்டேன். ஓ பாசிட்டிவ்தான்.

ரத்த வகை மாறாது அக்கா. காய்ச்சலால் மாறாது, ஊசியால் மாறாது.

கடலூரில் அந்தக் கட்டிலில் படுத்திருந்தது யார்? மில் அட்டை விஷயம் எனக்குப் புரிகிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன், மாமாவின் வேலைக்கு என்னால் கேடு வராது. ஆனால் அந்தப் பூச்சி யார் உடம்பில் இருந்ததோ, அவர் குடலை யாரும் பார்க்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த ஆளுக்கு விஷயமாவது தெரியுமா?

பி பாசிட்டிவ் எத்தனையோ பேருக்கு இருக்கும். நான் எதையும் ஊகிக்கவில்லை. நீயே எழுது.

அறிவு


மேல்பட்டாம்பாக்கம்
20.3.2006

அறிவு,

பழனிவேல்தான். நீ எழுத வேண்டாம் என்ற அதே ஆள்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். முழுதாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்ன வேண்டுமானாலும் சொல்.

இந்த சீசனுக்கு அவர் ஒரு பண்ணைக்காரருடைய கரும்பு டிராக்டர் ஓட்ட வந்திருக்கிறார். பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் மில் யார்டில் நாற்பது வண்டிக்குப் பின்னால் டிராக்டரில் உட்கார்ந்தபடியே நடுங்கிக்கொண்டிருந்தாராம். மாமா போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறார், கொதித்திருக்கிறது. வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால் வர மாட்டேன் என்று பிடிவாதம். மாமா வந்து என்னிடம் சொன்னது இதுதான்: “அறிவுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் வம்பு சகலைன்னு சொல்றான்டி. நடுங்குற நடுக்கத்துல அத சொல்றான். நான் எப்பிடி வுட்டுட்டு வர்றது?” மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, தன் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு அழைத்து வந்துவிட்டார். நான் கதவைத் திறந்தேன். உன் வார்த்தை ஞாபகத்தில் இருந்தது, திறந்தேன்.

சீசன் ஆளுக்கு அட்டை கிடையாது. அவசரத்தில் மாமாவுக்குத் தோன்றியது தன் அட்டைதான். அதில் ஒட்டியிருக்கிற ஃபோட்டோ பழசு. தாடியோடு கிடந்தவரை யார் உற்றுப் பார்த்தார்கள்? பதினெட்டு நாளும், கலியமூர்த்தி என்று மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பழனிவேல் கையைத் தூக்கினார்.

பூச்சியின் பெயரை உனக்கு எழுதியது, திரும்பி வருமா என்று தெரிந்துகொள்ளத்தான். நீ புற்று என்று எழுதினதும் உன்னிடம் சொல்லிவிடலாம் என்றேன். அதற்குள் நீ தேதியே வாங்கிவிட்டாய். மாமா சொன்னார்: “ஃபைல்ல என் பேருதான இருக்கு. நானே போயி படுத்துக்குறேன். அவ மனசு ஆறட்டும், அப்பறம் பழனிவேல பாண்டியில காட்டிக்கலாம்.” எங்கள் இருவர் புத்தியும் அவ்வளவுதான் போயிற்று. நல்ல மனுஷன் பதினாலு தடவை ஓடினது இன்னொருத்தர் நோய்க்கு. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதனால்தான்.

பழனிவேலுக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சல் விட்டதும் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். இங்கே இருந்தபோது, மூலம் என்று ஒரு வருஷமாகப் பொட்டலம் மருந்து சாப்பிடுவதாகச் சொன்னார்.

நான் உனக்குத் தங்கை இல்லை என்று எழுதிவிடாதே. திட்டு.

விருத்தாம்பாள்


சிதம்பரம்
22.3.2006

அக்காவுக்கு,

திட்டுவதற்கு நேரம் இல்லை. மாமாவை உடனே ஸ்ரீமுஷ்ணம் போகச் சொல். டிராக்டர் வைத்திருக்கிற பண்ணைகளாகக் கேட்டால் கண்டுபிடித்துவிடலாம். பொட்டலத்தைத் தூக்கி எறியச் சொல். ஒரு வருஷமாக ரத்தம் போகிறது என்றால் ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது.

இந்தத் தடவை அவரவர் பெயரில் வரட்டும்.

லேபில் நேற்று ஒரு தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்குத் திறந்தேன் என்றே தெரியாமல் நின்றிருந்தேன். மோனிகா வந்து வாங்கிக்கொண்டாள். அந்த ஆள் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஒரு குன்றிமணி குறையவில்லை. ஆனால், என் கோபத்துக்குப் பயந்துகொண்டு நீங்கள் ஒரு நோயை ஒளித்து வைத்தீர்கள் என்பதை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

அறிவு


மேல்பட்டாம்பாக்கம்
29.3.2006

அறிவு,

மாமா கண்டுபிடித்துவிட்டார். மூன்று நாள் அலைந்தார். ஸ்ரீமுஷ்ணம் கோயில் பக்கம் ஒரு டீக்கடையில் பழனிவேல் உட்கார்ந்திருந்தாராம், இடுப்பில் பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது. மாமா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். எனக்காக நீங்கள் போய்ப் படுத்தீர்களா என்று முதலில் சிரித்தாராம், பிறகு டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாராம்.

வர மாட்டேன் என்கிறார். வேறு எங்கே என்றாலும் வருகிறேன், சிதம்பரத்துக்கு வர மாட்டேன் என்கிறார். “அந்த லேபு வாசல்ல எந்த மூஞ்ச வச்சிக்கினு நிப்பேன் சகலை? நான் கொட்டுனதுல ஒருத்தரு செத்துட்டாரு. இப்ப என் ரத்தத்த கொண்டாந்து அவ கையில குடுக்கவா?”  பாண்டியில் விசாரித்தோம், அடுத்த மாதக் கடைசியில்தான் தேதி தருகிறார்கள்.

என்ன செய்ய? நீ ஒரு வார்த்தை எழுதினால் வருவார் என்று மாமா நினைக்கிறார். நான் கேட்க மாட்டேன். கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

விருத்தாம்பாள்


சிதம்பரம்
1.4.2006

அக்காவுக்கு,

இதை மாமா அப்படியே படித்துக் காட்டட்டும்.

பதினொன்றாம் தேதி செவ்வாய். அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டேன். முதல் நாளும் லீவு. லேப் வாசலுக்கே வர வேண்டாம், மோனிகா வார்டுக்கு வந்து ரத்தம் எடுப்பாள். என் முகத்தில் விழிக்க வேண்டிய அவசியம் இல்லை. இறந்துபோனவர் ரொம்ப முடியாத நிலையில் வந்தவர், அந்தத் தட்டு இருந்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. இதை மூன்று வருஷமாக நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். வரச் சொல்.

அறிவு


மேல்பட்டாம்பாக்கம்
19.4.2006

அறிவு,

டெஸ்ட் முடிந்து டாக்டர் கட்டி என்று சொன்னபோது பழனிவேல் சும்மா தலையாட்டினார். மாமாதான் உடைந்து போய்விட்டார். பூச்சி கண்டுபிடித்த காகிதத்தை டாக்டர் கேட்டதும், எழுந்து நின்று, அதில் இருக்கிற பெயர் என்னுடையது, நோய் இவருடையது என்று ஒப்புக்கொண்டார். ஒரு நல்ல குடலை எதற்குப் பார்த்தோம் என்று இப்போதுதான் தெரிகிறது என்று டாக்டர் எரிந்து விழுந்தார். சீசன் முடிந்ததும் மில்லிலும் நானே சொல்லிவிடுகிறேன், ஆவது ஆகட்டும் என்கிறார் மாமா. நான் தடுக்கவில்லை.

ரேகாவுக்கு நுழைவுத் தேர்வு நெருங்குகிறது, ஆபரேஷனுக்கு மாமா மட்டும் வருகிறார். எனக்கு வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அரிசியை இரண்டு முறை களைகிறேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. பிப்ரவரியில் உனக்கு உண்மையை எழுதியிருந்தால் அப்போதே பார்த்திருப்பீர்கள். எட்டு வாரம் போய்விட்டது. அந்த எட்டு வாரத்தில் நாங்கள் அவரைக் கெடுத்துவிட்டோமா?

உன் அக்கா,
விருத்தாம்பாள்


சிதம்பரம்
4.5.2006

என் அக்காவுக்கு,

ஆபரேஷன் போன வாரம் நல்லபடியாக முடிந்தது, மாமா வந்து சொல்லியிருப்பார். அவர் சொல்லாதது சிலது இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன் உறவினர் கையெழுத்து வேண்டும் என்று நர்ஸ் படிவத்தை நீட்டினாள். மாமா வாங்கிக்கொண்டார். நான் அவர் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்துப் போட்டு, உறவு என்கிற இடத்தில் மனைவி என்று எழுதினேன். அந்த நர்ஸுக்கு அன்றைக்கு லேபில் நடந்த கலாட்டா முழுதும் தெரியும். என்னைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், வாங்கி ஃபைலில் வைத்தாள். இவர்தான் படுத்துக்கொண்டே கேட்டார்: “பாவம் பாத்து எழுதுனியா?” நான் சொன்னேன்: “இந்தத் தடவையாவது உண்மையான பேரும் உண்மையான உறவும் இருக்கட்டும்னு எழுதுனேன்.”  சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் முந்தானை அவர் கையில் இருந்தது. நர்ஸ்தான் விடுவித்தாள்.

ரிப்போர்ட் நேற்று வந்தது. கட்டியோடு சேர்த்து எடுத்த பதினாலு நெறிக்கட்டிகளில் ஒன்றில் புற்று பரவியிருக்கிறது. ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும். நன்றாக ஆகிவிடும் என்று உறுதியாக எழுத எனக்கும் ஆசைதான். டாக்டரே அப்படிச் சொல்லவில்லை. வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்றார், அதை மட்டும் எழுதுகிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். டாக்டரிடம் உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். கட்டி சில வருஷங்களாக வளர்ந்தது, எட்டு வாரத்தில் பெரிதாக மாறியிருக்காது என்றார். ஒன்றுமே ஆகவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, நீயும் என்னிடம் அதைக் கேட்காதே. ஆனால், இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை நீ போடவில்லை. என் வார்த்தையைக் காப்பாற்றி அன்றைக்கு நீ கதவைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்த மனிதர் காய்ச்சலோடு டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய் எந்தக் கரும்புக் கொல்லையிலோ விழுந்திருப்பார். ஒரு சொட்டு ரத்தத்தை யாரும் எடுத்து வளர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டி இருந்ததே தெரியாமல் போயிருக்கும். நீ பொய் சொன்னாய், மாமா கள்ள அட்டை காட்டினார், இரண்டும் தப்பு. நான் சொன்னதை நீ கேட்டிருந்தால் அவர் செத்திருப்பார். நேரில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதிவிட்டேன்.

கடலூர் ஆஸ்பத்திரியில் அந்தப் பூச்சி இன்னும் மாமா பெயரில்தான் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்து மாற்றச் சொல். இல்லாவிட்டால் மாமாவுக்குத் தும்மல் வந்தாலும் மறுபடி குழாய் விடுவார்கள்.

சனிக்கிழமை டிஸ்சார்ஜ். வேறு எங்கே அனுப்ப, உன் வீட்டுக்குத்தான். புண் ஆறும்வரை அங்கே இருக்கட்டும். கஞ்சி காய்ச்சத் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான், ஆனால் புண்ணுக்குக் கட்டு மாற்ற உனக்கு வராது. நானும் பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன், கூட வருகிறேன். வருகிறேன் என்றதும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறையில் பாய் விரித்துவிடாதே. நான் ரேகாவோடு படுத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
அறிவு